சியானோயின் கழுதை

எங்கள் பெண்கள் பால் சங்கத்துக்குச் சியானோய்தான் தலைவி. பட்டணத்துப் பால் குளிரூட்டும் நிலையத்தின் வண்டி எங்கள் முள்மரத்தடி வரை வந்து பால் எடுக்க வேண்டும் என்று இரண்டு வருஷம் நடையாய் நடந்து வாங்கித் தந்தவள். புகை காட்டின சுரைக்குடுவையில் கறக்கக் கூடாது, சுடுதண்ணீரில் கழுவிய தகரக் கேனில்தான் கறக்க வேண்டும், மீறினவள் ஒரு மாதம் எல்லோர் கேனையும் கழுவ ஆற்றிலிருந்து தண்ணீர் சுமக்க வேண்டும் என்று சட்டம் போட்டவளும் அவளே.

அந்த வண்டியில் பாலை முகர்ந்து பார்த்து எடுக்கிற வேலைக்கு வந்து சேர்ந்தான் பர்முவாத். சியானோயின் மகள் நஷிபாயைக் கட்டியவன். அதில்தான் வந்தது வினை.

எங்களில் மருமகன் மாமியாரின் முகத்தைப் பார்க்க மாட்டான். பேரைச் சொல்ல மாட்டான். கூப்பிட்டே ஆக வேண்டுமென்றால், கல்யாணத்துக்குக் கொடுத்த ஆட்டை நினைத்து 'பாக்கேர்' என்பான், அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு. ஆகவே சியானோயின் முறை வந்தால் அவள் கேனை இறக்கி வைத்து, போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு, வண்டிக்குப் பின்னால் போய்விடுவாள். இவன் வானத்தைப் பார்த்தபடி கேனைத் தூக்கி, முகராமல் கொள்ளாமல் அப்படியே பெரிய தொட்டியில் ஊற்றிவிடுவான். மற்றவர்கள் மழை வருமா என்று பேசிக்கொண்டிருப்பார்கள். நான் இதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு வேறென்ன வேலை.

ஒரு செவ்வாய்க்கிழமை தொட்டிப்பால் மொத்தமும் திரும்பி வந்தது. புகை நாற்றமாம். அடுத்த செவ்வாயும் அப்படியே. மூன்றாவது முறையும் அடித்தால் வண்டி இந்தப் பக்கமே வராது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மர நிழலில் படுத்திருந்த எங்கள் வீட்டு ஆண்களுக்கு அன்று சிரிப்புத் தாங்கவில்லை.

சியானோய் கூட்டம் கூட்டினாள். யாரோ ஒருத்தி திருட்டுத்தனமாகக் குடுவையில் கறக்கிறாள், அவள் கை விளங்காது என்று சாபம் விட்டாள். இருபத்திரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி முறைத்தோம். நான் மட்டும் முறைக்கவில்லை. முந்தின நாள் நெருப்பு கேட்கிற சாக்கில் சியானோய் வீட்டுக்குப் போயிருந்தேன். காட்டு ஒலிவக் கட்டையைக் கொளுத்தி, அந்தக் கங்கால் குடுவையின் உள்ளே தேய்த்துக்கொண்டிருந்தாள். அதில் கறந்து, பிறகு கேனுக்கு மாற்றியிருக்கிறாள். அவள் மூக்குக்கு அது புகை இல்லை, மணம்.

இதை நான் சொன்னால் யார் நம்புவார்கள்? போன வருஷம் யாருடைய ஆட்டுக்கோ மூன்று குட்டி என்று நான் சொன்னதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதனால் பர்முவாத்தைப் பிடித்தேன்.

"அத்தனை பேர் பாலையும் மோந்து பாக்குற. அவங்க பாலை மட்டும் ஏன்டா விடுற?"

"மாமியார் பாலுல மூக்கை வச்சான்னு எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா என்னை வீட்டுல சேக்க மாட்டார் அக்கா. நாத்தம்னு வேற சொல்லச் சொல்றீங்களா?"

"வண்டி நின்னுபோனா உன் வேலையும்தான் போகும்."



மூன்றாவது செவ்வாய். சியானோய் கேனை இறக்கிவிட்டு வழக்கம்போல வண்டிக்குப் பின்னால் மறைந்தாள். அவளுடைய கழுதை மட்டும் நின்றது. பர்முவாத் கேனைத் திறந்தான். முகர்ந்தான். பெண்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவன் கழுதையைப் பார்த்துத் திரும்பினான்.

"கழுதை, நீ சுமந்து வந்தது நல்ல பால். ஒரு சொட்டு தண்ணி கலக்காத பால். ஆனா புகை வாசம் அடிக்குது. இதை ஊத்தினா இருபத்திரண்டு வீட்டுப் பாலும் கெட்டுப்போகும்."

கழுதை காதை ஆட்டியது. வண்டிக்குப் பின்னாலிருந்து சியானோயின் குரல் வந்தது.

"கழுதை, அந்தப் புள்ளைகிட்ட கேளு. புகை காட்டாத பாத்திரத்துல கறந்து அடுத்தவங்களுக்குக் குடுக்குறது, புள்ளையை மூஞ்சி கழுவாம விருந்துக்கு அனுப்புற மாதிரி இல்லையா?"

"கழுதை, எனக்கும் அந்தப் பாலுதான் புடிக்கும். பட்டணத்துக்காரன் நாக்கு வேற. அவனுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

சியானோய் வெளியே வந்தாள். போர்வை முகத்தில்தான் இருந்தது. எங்கள் பக்கம் திரும்பி, "நான்தான்" என்றாள். கேனை எடுத்துக் கழுதைமேல் ஏற்றினாள். மறுநாள் விடியும்போதே தண்ணீர்க் குடங்களோடு ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தாள். தலைவியாயிற்றே, விட்டுவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னதற்கு, சட்டம் போட்டவளுக்கு இல்லாத சட்டமா என்று கேட்டுவிட்டுப் போனாளாம்.

அந்தச் செவ்வாய்ப் பால் திரும்பவில்லை. வண்டி இன்றும் வருகிறது.

அந்தச் செவ்வாயே, வண்டி கிளம்புகிற நேரத்தில் பர்முவாத் கழுதையின் காதருகே ஏதோ முணுமுணுத்தான். நான் நகர்ந்து நின்று கேட்டேன். நஷிபாய் இப்போது சோப்புப் போட்டுப் பாத்திரம் கழுவுகிறாளாம், வீட்டுப் பால் சப்பென்றிருக்கிறதாம், மீந்த பாலில் ஒரு குடுவை கிடைக்குமா என்று. அடுத்த வாரம் அது ஐந்து குடுவை ஆனது. பட்டணத்தில் காவல் வேலை பார்க்கிற நம் பையன்கள் கேட்கிறார்களாம். அவை தொட்டிக்குப் போகாமல் ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் போகின்றன.

எனக்கும் மருமகன் ஒருவன் இருக்கிறான். அவனிடம் சொல்ல வேண்டியது கொஞ்சமில்லை. ஒரு நாளைக்குக் கழுதையை இரவல் கேட்டேன். சியானோய் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தண்ணியும் பாலும்னா சுமக்கும். உன் பேச்சைச் சுமந்தா முதுகு ஒடிஞ்சிடும், போடி."