முழுச் சேதம்

டமாரென்று ஒரு அடி. அடுத்து மரம் பிளக்கும் சத்தம். புயலில் பிய்ந்த கூரைத் தகரத்துக்கு ஆணியடித்துக்கொண்டிருந்த சின்னவன் சுத்தியலை அப்படியே போட்டுவிட்டு ஏணியிலிருந்து குதித்தான். அந்த மரத்தின் குரல் அவனுக்குத் தெரியும். அது அவர்களுடைய படகு.

மூச்சிரைக்கத் துறைக்கு வந்தபோது அவன் அண்ணன் படகுக்குள் நின்று கோடாலியை ஓங்கிக்கொண்டிருந்தான். முந்தாநாள் புயல் படகைத் தூக்கிக் கரைச் சுவரில் மோதியிருந்தது. முன்பக்கம் நாலு பலகை பிளந்ததோடு சரி. படகைத் தாங்கும் அடிமரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. படகுத் தச்சர் தடவிப் பார்த்துவிட்டு, பதினைந்து நாளில் தண்ணீரில் இறக்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த அடிமரத்தைத்தான் பெரியவன் இப்போது கொத்திக்கொண்டிருந்தான்.

"அண்ணே, உனக்கென்ன கிறுக்கா? நிறுத்து."

"பத்து மணிக்கு இன்சூரன்ஸ்காரன் பார்க்க வர்றான். அதுக்குள்ள இது படகு மாதிரியே இருக்கக் கூடாது. நகரு."

போன வருஷம் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஐஸ் பெட்டி மேல் இரண்டு பேப்பரை விரித்து வைத்தார். முதலாவதில் சின்ன உடைசலுக்கும் பணம் உண்டு. இரண்டாவதில் படகு முழுசாகப் போனால்தான் பணம், கட்டணம் பாதி. வருஷம் தவறாமல் புயல் எட்டிப் பார்க்கிற இடத்தில் முதலாவதுதான் சரி என்று சின்னவன் தலைபாடாக அடித்துக்கொண்டான். துறையில் யார் கேட்டார்கள்? உடைந்த பலகையைத் தானே தட்டிக்கொள்ளத் தெரியாதவன் என்ன படகுக்காரன் என்று அங்கே எல்லோருக்கும் ஒரு வீராப்பு. பெரியவனும் அதையே சொல்லி இரண்டாவதில் கையெழுத்துப் போட்டான். சின்னவன் முணுமுணுத்துக்கொண்டே கீழே தன் கையெழுத்தைப் போட்டான்.

அடுத்த வெட்டு விழுவதற்குள் சின்னவன் பின்னாலிருந்து பாய்ந்து அண்ணன் இடுப்பைக் கட்டிக்கொண்டான். முழங்கை ஒன்று வாயில் இடித்தது. உதடு கிழிந்து உப்புக் கரித்தது. பெரியவன் திரும்பிக் கோடாலிக் காம்பால் தோளில் அடித்தான். சின்னவன் கைக்குக் கிடைத்த துடுப்புக் கட்டையை வீசினான். அது பெரியவனின் முட்டியில் பட்டது. எலும்பின் சத்தம் இருவருக்கும் கேட்டது. பெரியவன் விழுந்தான்.

கரையில் ஐஸ் விற்கிற அம்மா உடைந்த பெட்டிகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "நல்லா அடிச்சுக்கோங்கடா. வர்றவன் உங்க ரெண்டு பேரையும் சேர்த்து முழுச் சேதம்னு எழுதிட்டுப் போகட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. பெரியவன் நொண்டிக்கொண்டே எழுந்தான். சின்னவன் அடிமரத்தின் மேல் குப்புற விழுந்து அதை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான்.

"எந்திரிடா. சத்தியமா உன்மேலயே போட்டுருவேன்."

"போடு. தச்சர் பதினஞ்சு நாள்ல தர்றேன்னு சொல்றாரு, நீ வெட்டிப் போடு."

கோடாலி இறங்கியது. சின்னவனின் காதுக்கு நாலு விரல் தள்ளிப் பலகையில் புதைந்தது. மரச் சிலாம்பு தெறித்துக் கன்னத்தைக் கீறியது. கண்ணைத் திறந்தபோது காம்பைப் பிடித்திருந்த அண்ணனின் கைகள் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன. அது கோபத்தின் நடுக்கமாக அவனுக்குத் தோன்றவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அலை அடித்துக்கொண்டுபோன இந்த அண்ணனைத் தலைமுடியைப் பிடித்து அவன்தான் படகுக்குள் இழுத்துப் போட்டான். அன்றைக்கும் இந்தக் கைகள் இப்படித்தான் ஆடின. அதன் பிறகு ஒரு நாள்கூட அண்ணன் கடலுக்குப் போகாமல் இருந்ததில்லை. கேட்டால், அதெல்லாம் அன்னைக்கே மறந்தாச்சு என்பான்.

கரைச் சாலையில் ஒரு கார் வந்து நின்றது. கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. கையில் கோப்போடு ஒருவர் சேற்றைப் பார்த்துப் பார்த்து இறங்கி வந்துகொண்டிருந்தார்.

சின்னவன் ரத்தத்தைத் துப்பிவிட்டு, தலையைத் தூக்காமலே கேட்டான். "முதல் பேப்பர்ல போட்டுருந்தா இந்த வெட்டுக்குத்தே இல்லையேண்ணே. ஏண்ணே போடல?"

பெரியவன் கோடாலியை விட்டுவிட்டுப் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்தான்.

"அதுல போட்டுருந்தா படகு சரியாகித் திரும்ப வந்துரும். நான் மறுபடி அதுல ஏறணுமேடா."