தட்டு விழுந்த சத்தம்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பில் கிடைத்தது. ஆமத்தூரில், மாதம் நிறையுமுன் பிறந்து, பல வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து வீடு வந்த குழந்தையைப் பார்க்கப் போயிருந்தேன். தூரத்தில் எந்தப் பட்டாசுக் கம்பெனியிலோ வெடி ஒன்றைச் சோதித்தார்கள், ஜன்னல் அதிர்ந்தது. குழந்தை அசையவில்லை.

“ஏலே சேசு, வெடிக்காரன் மகள்னா இப்படில்லா இருக்கணும்! கண்ணு முழிக்கலையே!” என்றார் சேசுவோடு வேலை பார்க்கும் சுந்தரபாண்டி.

எல்லோரும் சிரித்தோம். தகப்பன் சேசுராஜ் மட்டும் சிரிக்கவில்லை.

2

முதலில் எழுதியது: ‘புது வெடிகளைப் பற்றவைத்துப் பார்ப்பது சேசுராஜின் வேலை. சத்தத்துக்கு அஞ்சாதவன், ஆனால்...’

(வேண்டாம். இந்த ‘ஆனால்’ மேல் எனக்கு நம்பிக்கையில்லை.)

மறுபடி: மகளுக்குக் காது கேட்கிறதா என்று சேசுராஜ் சந்தேகப்பட்டான். ஆஸ்பத்திரியில் மகளின் மூச்சும் துடிப்பும் திரையில் எண்ணாக ஓடின. வீட்டில் திரை இல்லை. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தான். இப்போது காதும் சேர்ந்துகொண்டது. திங்கட்கிழமை காது பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதுவரை பொறுக்கவில்லை. கட்டில் பக்கம் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கினான்.

(இங்கே அவனை ஓர் ஓலைவெடியை எடுக்க வைத்தேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். வேலை தெரிந்தவன் பிள்ளை பக்கத்தில் தீப்பெட்டியைக்கூட எடுக்க மாட்டான். வெடிக்க ஆசைப்பட்டது நான்தான்.)

3

மறுநாள் எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டான். அடுப்படியிலிருந்து மனைவி ஆஷ்லின் ஓடிவந்தாள்.

“என்ன செய்தீக?”

“கை தவறிருச்சு.”

“நேத்துச் சாவி, இன்னைக்குத் தட்டு. நாளைக்கு அண்டாவத் தூக்கிப் போடுவீகளோ?”

“பிள்ளை அசையல ஆஷ்லின்.”

“மெஷின் சத்தத்துக்குள்ளயே கெடந்த பிள்ளை. இதுக்கெல்லாமா முழிக்கும்?”

“அப்ப திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக ஏன் வேண்டாங்கே? நீ தெரிஞ்சுக்கிட்டே மறைக்கே.”

“பஸ்ல சளி பிடிச்சுரும்னேன். அம்புட்டுதான்.” கட்டிலில் போய் உட்கார்ந்தாள். “இப்பப் போடுங்க, பாப்போம்.”

போட்டான். குழந்தை துள்ளி வீறிட்டது.

“கேட்டுச்சா? இனியாவது பிள்ளைய நிம்மதியா விடுவீகளா?”

அவள் கண் கலங்கியிருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பார்த்தான். அது போர்வைக்குள், குழந்தையின் கால் பக்கம் இருந்தது.

4

கிள்ளினாளா?

எழுதிய எனக்கே தெரியவில்லை. கிள்ளவில்லை என்று எழுதினால் சேசுராஜ் நம்பிவிடுவான். திங்கட்கிழமை வேலைக்குப் போய்விடுவான். கிள்ளினாள் என்று எழுதினால், ஏன் கிள்ளினாள் என்று சொல்ல அவளுக்கு இன்னும் பத்துப் பக்கமாவது கொடுக்க வேண்டும். அவ்வளவு பயந்திருக்கிறாள்.

போர்வையை விலக்கிப் பார்க்கச் சொன்னேன் அவனை. கேட்கவில்லை. அழுகிற மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, “திங்கக்கிழமை போறோம். மூணு பேரும்” என்றான்.

ஆஷ்லின் தரையில் கிடந்த தட்டை எடுத்தாள்.

பரிசோதனையில் என்ன சொன்னார்கள் என்று நான் எழுதப்போவதில்லை. குழந்தையின் கால் இப்போது அவன் முழங்கைக்கு வெளியே தொங்குகிறது. உங்கள் பக்கம்தான். சிவந்திருக்கிறதா என்று பார்ப்பதானால், நீங்கள் பாருங்கள்.