காகிதத்தில் நிற்காத கோடுகள்

டைம்கீப்பரின் மனைவி பகலில் வரைந்த கோடுகளெல்லாம் சாயங்காலம் ஆனதும் காகிதத்திலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தன. மேசைக்கடியில் கொடியும் இலையும் இதழுமாக ஒரு குவியல் கிடக்கும். பேருந்துப் பணிமனையில் வண்டிகளை நிமிடம் பிசகாமல் கிளப்பிவிட்டு அலுத்துப்போய் வீட்டுக்கு வருகிற மனிதர், சட்டையைக்கூடக் கழற்றாமல் துடைப்பத்தை எடுக்க வேண்டியிருந்தது. கூட்டாமல் விட்டால் காலில் குத்தும். வளைந்த கோடுகள்கூடப் பரவாயில்லை, நேர்க்கோடுகள் உயிரை வாங்கிவிடும். அள்ளி வாளியில் போட்டு வாசலுக்குக் கொண்டுபோனால் குப்பை வண்டிக்காரர் வாங்க மறுத்தார். இது மக்கும் குப்பையா மக்காத குப்பையா என்று மேலே கேட்டுச் சொல்வதாகப் போனவர் கேட்கவே இல்லை. வாளி வாசலிலேயே நின்றது.

அவள் ஒரு மில்லுக்குத் திரைச்சீலை டிசைன் வரைந்து கொடுப்பவள். ஆரம்பத்தில் மாதம் ஒன்று கேட்டார்கள். பிறகு வாரம் ஒன்று, அப்புறம் தினம் ஒன்று. ஒரு காதில் போன், ஒரு கண் டிவியில், அடுப்பில் ஏதோ கொதிக்க, கை மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கோடுகள்தான் விழ ஆரம்பித்தன. மில்லுக்குப் போய்ச் சேர்ந்ததெல்லாம் வெற்றுத் தாள். கண் மருத்துவர் பரிசோதித்துவிட்டுக் கண்ணில் கோளாறில்லை, காகிதம்தான் சரியில்லை என்றார். காகிதக் கடைக்காரர் பென்சிலைச் சொன்னார். பென்சில் விற்றவர் தரை வழவழப்பாக இருக்கிறதா என்று கேட்டார். டைம்கீப்பருக்கு மண்டை காய்ந்துவிட்டது.

மனைவியின் அக்கா ஒருநாள் வந்து, இவள் ஒரே நேரத்தில் ஐந்து வேலை செய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் இவளைச் சும்மா இருக்க விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். சும்மா இருப்பதுதான் மருந்தென்றால் அதற்கும் ஒரு அட்டவணை போட்டால் ஆயிற்று என்று டைம்கீப்பர் அன்றைக்கே உட்கார்ந்து போட்டார். அவருக்குத் தெரிந்தது அதுதானே! விடிந்ததும் ஜன்னல் பார்த்தல், அதன்பின் சும்மா இருத்தல், இடையில் தேவைப்பட்டால் பெருமூச்சு. பணிமனையிலிருந்து அடிக்கொருதரம் போன் போட்டு, சும்மா இருக்கிறாயா என்று அதட்டலாகக் கேட்பார். இருக்கேன் இருக்கேன் என்று அவள் மூச்சிரைக்கப் பதில் சொல்வாள். விளைவு, கோடுகள் மத்தியானமே விழத் தொடங்கின. போதாததற்கு அக்கம்பக்கத்துக் கோடுகளையும் இழுத்துக்கொண்டு விழுந்தன. தலையணை உறையின் பூக்கள் போயின. அவருடைய கட்டம் போட்ட சட்டையிலிருந்து கட்டங்கள் கழன்றன. அவர் வெள்ளைச் சட்டையோடு வேலைக்குப் போய் நாள் முழுக்க எல்லோருக்கும் விளக்கம் சொல்லித் தொலைத்தார்.

அன்று சாயங்காலம் அவள் பென்சில்களையெல்லாம் பொறுக்கிச் சமையலறை இழுப்பறையில் போட்டு மூடினாள்.

"போதுங்க. எனக்கு இனிமே வரைய வராது."

அழுதிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். காய்கறி தீர்ந்துபோச்சு என்பதுபோலச் சொன்னாள். கோபம் எவர்மேல் என்று தெரியாமல் அட்டவணையைக் கிழித்தார், டிவியைத் தூக்கி அவள் அக்கா வீட்டில் வைத்துவிட்டு வந்தார், போனைப் பீரோவுக்குள் பூட்டினார், சேர்ந்து கிடந்த விடுப்பையெல்லாம் எடுத்துக்கொண்டு வீட்டோடு உட்கார்ந்தார். உட்காரத் தெரியாத மனிதர். குழாயைச் சரிசெய்தார், கதவுக்கு எண்ணெய் போட்டார், ஓடாத கடிகாரத்தை ஓடவைத்து, அதன் சத்தம் தாங்காமல் மறுபடி நிறுத்தினார். செய்ய ஒன்றுமில்லாமல் போனபோது எரிச்சலோடு நாற்காலியில் சாய்ந்தார். சாய்ந்தவர் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டார். ஒரே பாத்திரத்தில் சமைத்தார்கள், அதிலேயே சாப்பிட்டார்கள். மழைக்காலம் வந்து போயிற்று. பார்க்க வேறு எதுவும் இல்லாததால் அவள் அவரைப் பார்த்தாள்.

ஒரு மத்தியானம் இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. சாயங்காலம் பழக்கதோஷத்தில் துடைப்பத்தோடு மேசைக்கடியில் குனிந்தார். தரை சுத்தமாக இருந்தது. நாலு காலில் தவழ்ந்து மூலையெல்லாம் தேடினார்.

"விழலைங்க," என்றாள் அவள்.

எழுந்து பார்த்தார். காகிதத்தில் ஒரே ஒரு புருவம் இருந்தது, அவருடையது. ஒரு மத்தியானம் முழுக்க வரைந்த புருவம். விரலால் தேய்த்தார், தாளைக் கவிழ்த்து உதறினார், அது அசையவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, உலகத்தில் வரைய வேறு பொருளே கிடைக்கவில்லையா உனக்கு என்று சத்தம் போட்டார்.

படம் முடிய அடுத்த கோடை ஆனது. தொந்தியும் தொங்கிய கையுமாக நாற்காலியில் தூங்குகிற மனிதர், காதோர முடிவரை. மில்காரர்கள் முனகிக்கொண்டே அச்சடித்தார்கள், துணி விற்றுத் தீர்ந்தது. ஊரெல்லாம் ஜன்னல் ஜன்னலாக டைம்கீப்பர் தொங்கினார். மத்தியான வேளையில் திரைச்சீலையில் இருக்கும் அத்தனை பேரும் ஒன்றாகப் புரண்டு மறுபக்கம் படுத்தார்கள். வாங்கியவர்களுக்கு அது பழகிப்போய், சத்தமில்லாமல் திரையை இழுக்கக் கற்றுக்கொண்டார்கள். பணிமனையில்தான் அவர் மானம் போனது. "அண்ணே, நேத்து எங்க வீட்ல ரொம்பக் கொறட்டை விட்டீங்க," என்று ஓட்டுநர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். ஆனால் அவர்களும் இப்போது வண்டியை அவசரமில்லாமல்தான் எடுத்தார்கள்.

மில் அடுத்த டிசைனை உடனே கேட்டு ஆள்மேல் ஆள் அனுப்பியது. வரும்போது வரும் என்று அவள் சொல்லியனுப்பினாள். ஒருநாள் அதிகாலை அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகையில், அவள் பென்சிலோடு வந்து நின்றாள்.

"கொஞ்சம் உக்காருங்களேன்."

"வண்டி கிளம்பணும். எவ்வளவு நேரம் ஆகும்?"

"தெரியலைங்க."

இந்த வீட்டில் ஒரு மனுஷன் ஒழுங்காக வேலைக்குப் போக முடியாது என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் உட்கார்ந்தார். அன்றைய முதல் பேருந்து கிளம்பியபோது கிளம்பியது. ஏன் தாமதம் என்று ஒருவரும் கேட்கவில்லை.