ஒன்பது சுற்று

சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே தள்ளி வைத்துவிட்டு, ஆய்வு மாணவி படத்தை மறுபடி எண்ணினாள். எட்டு. எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் எட்டு. திரையில் பக்கத்திலேயே அதே படம், மெருகேற்றியது, கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஒன்பது இதழோடு பளபளத்தது.

பாசி செல் ஒன்றின் சென்ட்ரியோல் அது. செல்லின் வாலுக்கு அடிக்கட்டையாக நிற்கும் குட்டிப் பீப்பாய். குறுக்கே வெட்டினால் சக்கரம், சுற்றிலும் ஒன்பது இதழ். பாசியிலும் ஒன்பது, மனுஷ நுரையீரலிலும் ஒன்பது. ஆதிமூதாதை செல்லில் தொடங்கியது, யாரும் மாற்றத் துணியவில்லை. பூக்கும் செடிகளைப் போன்ற சில மட்டும் சனியன் தொலையட்டும் என்று மொத்தமாக உதறிவிட்டன. புதியது பழையதன் விலாவில் செங்குத்தாக முளைக்கும். பழையதே இல்லாவிட்டால்? அதுதான் இவள் கேள்வி. செல் இரண்டாகும்போது பாகப்பிரிவினையில் பங்கு கிடைக்காத செல்களை எடுத்து வளர்த்தாள். அவை புரதத் துண்டுகளைக் கூட்டித் தாமாகவே ஒன்றைக் கட்டிக்கொண்டன. அதிலும் ஒன்பதுதான் என்பது அவள் ஆய்வேட்டின் முதுகெலும்பு. நாளைக் காலை ஏடு பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும்.

நுண்ணோக்கிப் படங்கள் எப்போதும் மங்கல். தெளிவாக்க அந்த லேபில் ஒரு கைப்பழக்கம் உண்டு. படத்தை வட்டத்தில் ஒன்பதில் ஒரு பங்கு திருப்பி அதன் மேலேயே வைப்பது, மறுபடி திருப்பி வைப்பது. இருப்பது தடிக்கும், அழுக்கு கரையும். செய்பவர் சீனியர்; அதனாலேயே அவருக்கு ராட்டினம் என்று பெயர். ஒன்பது என்று நம்பி ஒன்பது தடவை சுற்றினால் கிழிந்த செருப்புகூட ஒன்பது இதழாக விரியும். இது இத்தனை காலம் இவளுக்கும் உறைக்கவில்லை. ஒன்பது என்று புத்தகத்தில் படித்தவள்தானே. இன்று அளவுக்கோடு போடுவதற்காக மூலப் படத்தைத் திறந்தாள், மாட்டிக்கொண்டாள். பக்கத்து மேசையில் இருந்த ராட்டினத்தைக் கூப்பிட்டாள்.

"ண்ணா, எட்டுதான் இருக்கு."

"ஒண்ணு மங்கலா மறைஞ்சிருக்கும்மா."

"மறைஞ்சா அந்த எடம் காலியா இருக்கணும்ல? எட்டும் சரிசமமா நிக்குது. எட்டால சுத்திப் பாத்தேன், இன்னும் பளிச்சுனு வருது. வேற ஒண்ணுல பத்து."

ராட்டினம் கண்ணாடியைக் கழற்றி சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இன்னைக்கு மேடம்கிட்ட சொல்லாத. ஏடு போகட்டும்."

"போனப்புறம் யாரு சொல்றது, நீங்களா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் மேசைக்குத் திரும்பினார். ஆய்வு வழிகாட்டியான மேடம் என்ன சொல்வார் என்று அவளுக்கே தெரியும். போன வருஷம் ஒரு சின்னத் தவறுக்குச் சொன்னதுதான்: 'வீட்டுல படிச்சவங்க இல்லாத பிள்ளைங்களுக்கு இந்தப் பொறுமை வராது.' அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

போன் அடித்தது. அம்மா, ஆஸ்பத்திரி சலவைக் கூடத்திலிருந்து.

"முடிஞ்சுதாடி?"

"முடிஞ்ச மாதிரிதாம்மா இருந்துச்சு."

"உன் பொண்ணு இன்னும் பாஸாகலையான்னு கேக்குறாளுங்க. பாஸாயிட்டுத்தான் படிக்கிறான்னு சொன்னா சிரிக்கிறாளுங்க."

"இன்னும் ஒரு வருஷம் ஆகும் போலம்மா."

அம்மாவுக்குப் பின்னால் துணி துவைக்கும் இயந்திரம் சுற்றுவது கேட்டது.

"சாப்டியா?"

"இல்ல."

"மொதல்ல சாப்பிடு. பட்டினி கெடந்தா மட்டும் சீக்கிரம் முடிஞ்சிருமா."

அவள் சாப்பிடவில்லை. மூலப் படத்தை அச்செடுத்தாள். காகிதம் சூடாக வந்தது.

மேடத்தின் அறைக் கதவு கண்ணாடி. உள்ளே அவர் போனில் யாருடனோ சிரித்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் சட்டம் போட்ட படத்தில், ராட்டினம் சுற்றிக்கொடுத்த ஒன்பது இதழ்ச் சக்கரம். அவள் தட்டினாள். அவர் திரும்பி, ஒரு விரலை உயர்த்தினார்: இரு.

அவள் நின்றாள். கையில் காகிதம் ஆறிக்கொண்டிருந்தது. சாம்பல் நிறத்தில், கொஞ்சம் கோணலாக, யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானே நின்ற அந்தச் சக்கரத்தை இன்னொரு தடவை எண்ணத் தொடங்கினாள்.