பழைய நேரம், புதிய நேரம்

புட்டும் கத்தரிக்காய்க் கறியும் போட்டு வைத்த கோப்பையைச் சிவனேஸ்வரி விரலால் தள்ளிவிட்டாள். நேற்று மத்தியானத்திலிருந்து அவள் வாயில் பச்சைத் தண்ணீர் படவில்லை.

"நீ ஓமெண்டு சொல்லு, நான் சாப்பிடுறன்."

"அந்த ஆளுக்கு நாப்பத்தேழு வயசு அம்மா," என்றாள் கௌசலா. "எனக்கு இருபத்தொன்பது."

"வயசைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு இருக்கேலுமே? செவ்வாய்க்காரிக்குச் செவ்வாய்க்காரன்தான். அவன்ர முதல் பெண்சாதி செத்ததே அதாலதானாம். ரெண்டு செவ்வாயும் சேந்தா ஒண்டையொண்டு அடக்குமெண்டு சாத்திரியார் சொல்லுறார். உனக்குக் கீழ ஒருத்தி நிக்கிறாள், அதையாவது நினை."

கீழே நின்ற தங்கை சுதாஜினி அறைக்குள் தலை வாரிக்கொண்டிருந்தாள். நெளுக்குளத்தில் ஒரு வாத்தியார் மாப்பிள்ளை அவளுக்காகக் காத்திருந்தான். அக்காவின் கலியாணம் ஆவணிக்குள் முடியாவிட்டால் வேறு இடம் பார்ப்பதாக அவனுடைய தாய் சொல்லி அனுப்பிவிட்டாள்.

கௌசலாவின் சாதகத்தில் பன்னிரண்டாம் வீட்டில் செவ்வாய் இருந்தது. அப்படிப்பட்டவளைக் கட்டினால் புருஷன் தங்கமாட்டான் என்பது ஊரின் தீர்ப்பு. இதுவரை பதினொரு இடத்தார் கேட்டு வந்து, பதினொரு பேரும் சாதகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பெண்ணை ஒருவரும் பார்க்கவில்லை. பன்னிரண்டாவதாக மல்லாவியிலிருந்து மனைவியை இழந்த இந்த மனிதர். வெள்ளிக்கிழமை அவருடைய அக்கா வந்து பேசி முடிக்கப் போகிறாள்.

"வெள்ளிக்கிழமை சொல்லுறன்," என்று கௌசலா சைக்கிளை எடுத்தாள். வேறென்ன சொல்வாள்? பெற்ற தாய் பட்டினி கிடந்து மிரட்டினால் எந்தப் பிள்ளைக்குத்தான் வாய் வரும்?

கிளிநொச்சியில் ஒரு தொழிற்கல்லூரியில் அவள் படிப்பித்தது அன்றாட வாழ்வில் கணிதம். ஏக்கருக்கு எத்தனை அந்தர் உரம், கூரைக்கு எத்தனை தகடு என்று தொடங்கிய வகுப்பு அது. சலிப்புத் தட்டியதும், வீட்டிலிருந்து ஆளுக்கொரு கேள்வி கொண்டுவரச் சொல்லியிருந்தாள். அன்றைக்கு எழுந்தவன் நிருஷன்.

"மிஸ், எங்கட அக்காவுக்குச் செவ்வாய்க் குற்றமாம். ரெண்டு, நாலு, ஏழு, எட்டு, பன்னிரண்டு, இந்த அஞ்சு வீட்டில எதில இருந்தாலும் குற்றமாம். அப்ப நிகழ்தகவு பன்னிரண்டில அஞ்சுதானே?"

பன்னிரண்டு கௌசலாவின் வீடு. ஆனாலும் வெண்கட்டியை எடுத்துப் பலகையில் எழுதினாள்.

"ஓம். இந்த வகுப்பில முப்பத்தாறு பேர். குத்துமதிப்பாப் பதினைஞ்சு பேர் குற்றவாளியள்."

வகுப்பு சிரித்தது. ஸாஜிதா கை உயர்த்தினாள்.

"எங்களையும் சேத்தோ மிஸ்? நாங்கள் சாதகமே எழுதுறேல்ல. எங்கட வாப்பாவும் உம்மாவும் முப்பது வருஷமாச் சண்டை பிடிச்சுக்கொண்டு சுகமாத்தான் இருக்கினம்."

சிரிப்பு இன்னும் கூடியது. வீட்டில் சாதகம் இருப்பவர்கள் நாளைக்குக் கொண்டுவர வேண்டும், எண்ணிப் பார்ப்போம் என்றாள் கௌசலா. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வியாழக்கிழமை எண்ணினார்கள். சாதகம் கொண்டுவந்த இருபத்துநாலு பேரில் பதினொரு பேருக்குக் குற்றம் இருந்தது. கணக்குப் பெரிதாகப் பொய்க்கவில்லை. நிருஷன் தன்னுடையதை அக்காவின் சாதகத்தோடு சேர்த்து மேசையில் விரித்தான்.

"மிஸ், பிறந்த நேரத்துக்குப் பக்கத்தில 'பழைய நேரம்' எண்டு எழுதிக் கிடக்கு. நேரத்திலயும் பழசு புதுசு இருக்கோ?"

இரண்டாயிரத்தைந்தில் பிறந்த பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? தொண்ணூற்றாறு மே மாதம் கொழும்பு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. புலிகளின் கையிலிருந்த வன்னி தள்ளவில்லை. ஓமந்தைச் சோதனைச் சாவடிக்கு அங்கால் ஒரு நேரம், இங்கால் ஒரு நேரம். பின்னர் அந்த வித்தியாசம் அரை மணித்தியாலமாகக் குறைந்து, பத்து வருடத்துக்குப் பிறகுதான் இரண்டும் ஒன்றாயின. அதைச் சொல்லிக்கொண்டிருந்த கௌசலா நடுவில் நின்றுவிட்டாள். அவள் பிறந்தது தொண்ணூற்றாறு ஆகஸ்ட். அவளுடைய சாதகத்தில் காலை ஐந்து பத்து என்று மட்டும் இருந்தது.

இடைவேளையில் கைபேசியில் சாதகம் கணிக்கும் செயலியைத் திறந்து இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்தாள். ஐந்து பத்து பழைய நேரமென்றால் செவ்வாய் பன்னிரண்டில். புதிய நேரமென்றால் உண்மையில் அவள் ஒரு மணித்தியாலம் முன்னதாகப் பிறந்திருக்கிறாள். செவ்வாய் ஒன்றாம் வீட்டுக்கு வந்துவிடும். அங்கே குற்றம் இல்லை. நிருஷனுடைய அக்காவுக்கும் போட்டுப் பார்த்தாள். பாவம், அவளுக்கு எந்த நேரத்திலும் குற்றம்தான்.

பின்னேரம் வட்டக்கச்சி வீட்டுக்கு வந்து, சைக்கிளை நிறுத்திய கையோடு கேட்டாள்.

"அம்மா, நான் பிறக்கேக்க ஆரின்ர மணிக்கூட்டைப் பாத்தனீங்கள்?"

சிவனேஸ்வரி பாயில் சுருண்டு கிடந்தாள். "ஸ்கந்தபுரத்துக்கு ஓடுற வழியில, பாலை மரத்துக்குக் கீழ பிறந்தனீ. எங்களோட இடம்பெயர்ந்து வந்த ஆஸ்பத்திரி நேர்ஸ் மிஸ்ஸிதான் பிள்ளையை எடுத்தவா. அவான்ர கையில மணிக்கூடு."

"அது பழைய நேரமோ, புதுசோ?"

"ஷெல் விழேக்க அதையோ கேக்கிறது? அரசாங்க ஆக்கள் சிலபேர் புது நேரம் வைச்சிருந்தவை. மிஸ்ஸி எதை வைச்சிருந்தாவோ!"

"இதைத் தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தனீங்கள்?"

"நேரத்தைக் கிண்டாதை பிள்ளை!" சிவனேஸ்வரி கையெடுத்துக் கும்பிட்டாள். "செவ்வாய்க்காரன் எண்டு ஒருத்தன் வந்திருக்கிறான். கிண்டினா அவனும் போயிடுவான்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழி ஒரு கைக்கடிகாரத்துக்கும் இல்லை, பாவம் முழுவதும் ஒரு பெண்ணுக்கு.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் அக்கா கமலேஸ்வரி வந்தாள். கூட்டிவந்தவர் தரகர் பொன்னையா. அந்தப் பக்கத்தில் பாதிக் கலியாணம் அவர் பேசி முடித்தது. சுதாஜினி தேத்தண்ணீர் கொடுத்தாள். பெண்ணைப் பெற்றவள் வெளியே வரவில்லை. நல்ல காரியத்தில் தாலியறுத்தவள் முகம் காட்டக்கூடாது என்று சிவனேஸ்வரி தானாகவே குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றாள். அப்படி நிற்கச் சொல்ல இப்போதெல்லாம் யாரும் தேவைப்படுவதில்லை, பெண்களே பழகிவிட்டார்கள்.

"எல்லாம் பொருந்தியிருக்கு. கலியாண நாள் வைப்பமோ?" என்றார் பொன்னையா.

"ஒரு விஷயம் சொல்லவேணும்," என்றாள் கௌசலா. இரண்டு நேரத்தையும் வகுப்பில் சொல்வதுபோல நிதானமாக விளக்கினாள். "எனக்குச் செவ்வாய் இருக்கோ இல்லையோ எண்டு ஒருத்தராலயும் சொல்லேலாது."

கமலேஸ்வரி கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள். "குற்றமில்லாத பிள்ளையெண்டா தம்பியின்ர செவ்வாய் விழுங்கிப்போடும். இன்னொரு செத்தவீடு எங்களுக்கு வேண்டாம், பொன்னையாண்ணை." ஆட்டோ புழுதி கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

பொன்னையா போகவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு சிரித்தார்.

"கெட்டிக்காரி பிள்ளை நீ! இதை முதலே சொல்லியிருக்கலாமே? நாலு பத்தெண்டு புதுசா எழுதுவிப்பம். சுத்தமான சாதகம். மாப்பிள்ளையள் வரிசையில வருவினம்."

சுதாஜினியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. கௌசலா அதைப் பார்த்தாள். ஒரு வார்த்தையில் இரண்டு கலியாணமும் நடந்துவிடும். அவளுக்கும் ஆசை இல்லையா? இருந்தது. வாய்விட்டு அழவேண்டும் போல இருந்தது. ஆனால் இரண்டு நேரத்திலும் குற்றமுள்ள நிருஷனின் அக்காவை என்ன செய்வது? தான் மட்டும் பின்கதவால் தப்பி ஓடிவிட்டு, திங்கட்கிழமை நிருஷனுக்கு முன்னால் எந்த முகத்தோடு வெண்கட்டியைத் தூக்குவது?

"நாலு பத்தும் எனக்குத் தெரியாது, மாமா," என்றாள். சாதகத்தை எடுத்தாள். ஐந்து பத்தை வெட்டி, அதற்கு மேல் 'தெரியாது' என்று எழுதினாள். "கேக்கிற ஆக்களிட்ட இதைக் குடுங்கோ. இல்லாட்டி ஒண்டும் குடுக்காதேங்கோ."

சுதாஜினி முகத்தைப் பொத்திக்கொண்டு அறைக்குள் ஓடினாள். அவளுக்கென்று நின்ற மாப்பிள்ளை இனி நிற்கமாட்டான். அதற்கு ஒரு கணக்கும் தேவையில்லை.

"விசர்க் கதை கதையாதை!" பொன்னையாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பொருத்தம் பாராமல் கட்டி, நாளைக்குத் தாலியை அறுத்துப்போட்டு வந்து நிண்டா ஆர் பொறுப்பு?"

குசினிக் கதவு திறந்தது. மூன்று நாள் பட்டினியில் தள்ளாடிக்கொண்டு சிவனேஸ்வரி வெளியே வந்தாள். கமலேஸ்வரி எழுந்துபோன கதிரையில் இருந்தாள்.

"எனக்கு நீங்கள்தானே பொருத்தம் பாத்தனீங்கள், பொன்னையாண்ணை. பத்துக்கு ஒம்பது. ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சியள்."

போரின் கடைசி மாதங்களில் மாத்தளனில் சிவனேஸ்வரியின் புருஷனை ஷெல் அடித்துக் கொன்றபோது, பதுங்குகுழிக்குள்ளேயே மண்ணைத் தள்ளி மூடியவர்களில் பொன்னையாவும் ஒருவர்.

"மிச்ச ஒண்டு என்னண்ணை?" என்று கேட்டாள் சிவனேஸ்வரி. "அதுவும் பொருந்தியிருந்தா, ஷெல் விலகிப் போயிருக்குமோ?"