இலக்கத்தை மறைத்து வாசித்த கணக்கு

அன்று பதினோராம் வகுப்பில் இருந்தவர்கள்: பிள்ளைகள் பதினான்கு பேர், வரலாறு படிப்பிக்கும் தயாளினி ரீச்சர், கடைசி வாங்கில், முழங்கால் மேசையில் இடிக்க, இருபத்தொன்பது வயது லோஜன். இல்லாதவர் ஒருவர்: கணித ரீச்சர். அவர் பிரசவ லீவில் போய் இரண்டு கிழமை.

லோஜன் கொழும்புத்துறையில் ஒரு ஐஸ் தொழிற்சாலையில் ஆறு வருடமாக இரவு வேலை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சாதாரண தரக் கணிதத்தை வெளியிலிருந்து இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் கோட்டை விட்டவன். தை மாதம் பிலிப்பு அண்ணை ஓய்வு பெற, பகல் மெசின்காரன் இடம் காலியாகும். "கணக்குப் பாஸ் எண்டு கடதாசி காட்டு, இடம் உனக்கு. இல்லாட்டி வேறை ஆளைப் போடுவன்" என்று முதலாளி ஆழ்வாப்பிள்ளை சொல்லியிருந்தார். லோஜனுக்கு நாலு வயதில் ஒரு மகள். அப்பா என்றால் பகலில் போர்த்துக்கொண்டு படுக்கும் ஒரு சாமான் என்று அவள் நினைத்திருந்தாள். கூச்சத்தை விட்டு அதிபரிடம் கேட்டு, அவன் அந்த வாங்கில் வந்து குந்தியதற்குக் காரணம் இவ்வளவுதான்.

தயாளினி ரீச்சர் அவனைவிட மூன்று வயது இளையவர். வந்ததும் மறைக்காமல் சொன்னார்:

"பிள்ளையள், எனக்குக் கணக்கு வராது."

"எங்களுக்கும் தான் ரீச்சர்" என்றான் ஷெரோன். வகுப்பு சிரித்தது.

"அப்ப சரி. எல்லாரும் ஒரே வள்ளம். வாசிக்கத் தெரியுமெல்லே? உதை வாசிச்சுச் செய்யுங்கோ."

ஆளுக்கொரு தாள். ஒரு தொட்டி, நீளம் எண்பது, அகலம் அறுபது, உயரம் ஐம்பது சென்ரிமீற்றர். பன்னிரண்டு லீற்றர் வாளியால் எத்தனை வாளி ஊற்றினால் தொட்டி நிறையும்? தாள் கைக்கு வந்து ஒரு நிமிடமில்லை, கஜந்தினி கையை உயர்த்தினாள்.

"இது பாஸ்ற் பேப்பர் கேள்வி ரீச்சர். விடை இருபது."

"இருபது, இருபது" என்று பதினான்கு வாயும் சொன்னது. லோஜனும் சொன்னான். ஐஸ் உறையும்வரை காத்திருக்கும் இரவுகளில் பத்து வருட வினாத்தாளை விடையோடு பாடமாக்கியவன் அவன். முதல் வரியைப் பார்த்தால் விடை தானாக வாயில் வரும்.

"மூண்டாம் வரியை ஆரும் வாசிச்சனியளோ?"

எல்லாத் தலையும் தாளுக்குக் குனிந்தது. மூன்றாம் வரியில், தொட்டியில் ஏற்கெனவே இருபது சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீர் உள்ளது என்று இருந்தது. ரீச்சர் பழைய கேள்விக்குள் அந்த ஒரு வரியைச் செருகியிருந்தார்.

"எனக்குக் கணக்கு வராதுதான். ஆனால் வெறும் தொட்டிக்கும் தண்ணி நிண்ட தொட்டிக்கும் ஒரே எண்ணிக்கை எண்டு சொன்னால் நம்ப மாட்டன்" என்றார். "இப்ப கறுப்புப் பேனையாலை இலக்கம் எல்லாத்தையும் அடியுங்கோ. ஒண்டும் தெரியக் கூடாது."

"இலக்கமில்லாமல் என்னத்தைப் பெருக்கிறது ரீச்சர்?"

"பெருக்கச் சொல்லி ஆர் கேட்டது, ஷெரோன்? நடந்ததைச் சொல்லு. என்ன கிடக்கு, என்ன வேணும்?"

ஷெரோன் தலையைச் சொறிந்தான். ரீச்சர் கடைசி வாங்கைப் பார்த்தார். "அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ."

'அண்ணை' என்றதும் முன்வாங்குப் பெட்டைகள் வாயைப் பொத்தினார்கள். லோஜன் எழும்பினான். தாளில் இப்போது கறுப்புக் கட்டிகளும் சொற்களும்தான் இருந்தன. தொழிற்சாலையில் ஐஸ் உறையவைக்கும் தகரத்துக்கு நீர் விடும் நினைவு வந்தது.

"கீழை தண்ணி நிக்குது. அதை விட்டுட்டு மேலை இருக்கிற வெறும் இடத்தைத்தான் பாக்க வேணும் ரீச்சர். உயரம் குறையும்."

"பிறகு?"

"பிறகு பெருக்கலாம்."

பன்னிரண்டு வாளி என்று வந்தது. கஜந்தினிதான் முதலில் செய்து முடித்தாள். அவளுக்கு முகம் சிவந்திருந்தது.

லோஜன் மெல்ல உட்கார்ந்தான். இரண்டு தரம் தவறியதற்குத் தன் மண்டைதான் காரணம் என்று இத்தனை வருடம் நம்பியிருந்தான். மண்டையில் பிழையில்லை. ஒரு கேள்வியைக்கூட அவன் கடைசி வரிவரை வாசித்ததில்லை.

அதற்குப் பிறகு தயாளினி ரீச்சருக்கு ஓய்வு வேளை என்று ஒன்று இருக்கவில்லை; மற்றப் பாடங்களுக்கும் போய் இப்படி வாசிக்கப் பழக்கினார். வரலாற்றில் ஒரு பந்தி வாசித்து, புத்தகத்தை மூடி, பக்கத்திலிருப்பவருக்குச் சொல்ல வேண்டும். விஞ்ஞானத்தில் பரிசோதனைக்கு முன் படத்தைப் பார்த்து என்ன நடக்கும் என்று எழுத வேண்டும். விஞ்ஞானம் எடுக்கும் சோமசேகரம் சேர், "வாசிப்புத் தமிழ் ரீச்சற்றை வேலை. என்ரை பாடத்துக்கை ஏன் உது?" என்று முறைத்தார். ஒரு மாதம் கழித்து அவரே, "பரிசோதனையை வாயாலை சொல்லிப்போட்டுத் தொடுங்கோ" என்று கத்தியது பக்கத்து வகுப்புவரை கேட்டது.

சோதனை மண்டபத்தில் லோஜன் இலக்கங்களைப் பெருவிரலால் மறைத்து மறைத்து வாசித்தான். மேற்பார்வையாளர் இரண்டு தரம் வந்து அவன் கைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனார்.

முடிவு வந்த அன்று நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனான். ரீச்சர் கொப்பி திருத்திக்கொண்டிருந்தார்.

"கணக்குக்கு 'சீ' பாஸ் ரீச்சர்."

"எத்தினை கேள்வி விட்டனீங்கள்?"

"கடைசி ரெண்டும்."

"வாசிச்சிட்டோ, வாசியாமலோ?"

"வாசிச்சிட்டுத்தான். விளங்கினது. நேரம் காணேல்லை."

"அப்ப உங்களிலை பிழையில்லை அண்ணை."

வழி நெடுக யோசித்து வைத்திருந்த நன்றி வாயில் வரவில்லை. ஏதோ சொல்ல வேண்டுமே என்று, "ரீச்சர், நீங்கள் அண்டைக்குக் கணக்குத் தெரியாது எண்டு சொன்னது நல்லதாப் போச்சு" என்றான்.

"இப்பவும் தெரியாதுதான்."

"தெரிஞ்சிருந்தால் நீங்களே செய்து காட்டியிருப்பியள். நான் பாத்தெழுதியிருப்பன்."

ரீச்சர் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார். அவனும் சிரித்தான். வெளியே வந்து சைக்கிளை ஐஸ் தொழிற்சாலைப் பக்கம் திருப்பினான்.

தை மாதம் முதல் திங்கள் மெசினுக்குப் பக்கத்தில் நின்றான். புது மெசினோடு வந்த தமிழ் அறிவுறுத்தலைக் கடைசி வரிவரை வாசித்து முடித்துத்தான் மெசினைப் போடும் ஆளியைத் தொட்டான். ஆழ்வாப்பிள்ளை, "என்னடா, தேவாரமே ஓதுறாய்?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா, கொஞ்சம் பொறுங்கோ."

பின்னேரம் ஐந்தரைக்கு இரவு வேலைக்கு வந்தவனிடம் கதவுத் திறப்பைக் கொடுத்தான். கடலுக்கு மேல் வெயில் இன்னும் நின்றது. மகளிடம் போக லோஜன் வெளியே காலை வைத்தான். உள்ளே நின்றவன் கதவைச் சாத்திப் பூட்டினான்.