பத்துப் பேருக்கும் இல்லை

“பத்துப் பேரும் ‘இல்லை’ன்னு சொல்லிட்டாங்களாம்மா?”

ரஞ்சித்குமார் சார் என் தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார். கழுத்து வலி: இல்லை. தோள் வலி: இல்லை. இடுப்பு, மணிக்கட்டு, கட்டைவிரல், பாதம், எல்லாவற்றுக்கும் இல்லை. ஒவ்வொரு தாளிலும் ஒரு மனித உருவம் வரைந்திருக்கும். வலிக்கிற இடத்தில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட வேண்டும். என் சிவப்புப் பேனா மூடி திறக்காமலே திரும்பி வந்திருந்தது.

“ஆமா சார்.”

“எத்தனை வருஷம் வேலை செஞ்சவங்க?”

“பத்து வருஷத்துக்குக் கொறையாம சார். எல்லாம் நின்னுகினே செய்யற வேலை.”

“பத்து வருஷம் நின்னிருக்காங்க. ஒருத்தருக்குக்கூட இடுப்பு வலிக்கல. இதை நான் நம்பணும்.”

“எனக்கு இந்த பெஞ்சுல ரெண்டு மணி நேரம் உக்காந்ததுக்கே வலிக்குது சார்” என்றாள் பின்னாலிருந்து திவ்யா. வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. வீட்ல உக்காந்து நீங்களே டிக் அடிச்சீங்களா?”

அறுபத்தாறு வயதில் காப்பியடித்துப் பிடிபட்ட மாதிரி ஆகிவிட்டது எனக்கு.

“சதுரங்கப்பட்டினம் வரைக்கும் பஸ்ல போயி, வூடு வூடா ஏறி எறங்கி எழுதினது சார் இது.”

“அப்ப கேட்ட விதத்துல ஏதோ கோளாறு. அது என்னன்னு கண்டுபிடிச்சு அடுத்த சனிக்கிழமை கொண்டாங்க. இல்லேன்னா இந்தத் திட்ட அறிக்கையை நான் ஏத்துக்க முடியாது. உங்க பதிவுக்கு இதுதான் கடைசி வருஷம், தெரியும்ல?”

தெரியாமலா? பணிச்சூழலியல் பட்டயம், இரண்டு வருடப் படிப்பு. வேலைக்குத் தகுந்தபடி ஆளை வளைக்காமல், ஆளுக்குத் தகுந்தபடி வேலையை எப்படி வளைப்பது என்று சொல்லித்தருகிற படிப்பு. வாரத்தில் இரண்டு சாயங்காலம் செல்போனில் பாடம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை செங்கல்பட்டு மையத்தில் நேர் வகுப்பு. முதல் வருடம் ஒழுங்காக முடித்தேன். அடுத்த வருடம் வீட்டுக்காரருக்கு நெஞ்சு ஆபரேஷன். அதற்கடுத்த வருடம் எனக்குக் கண் ஆபரேஷன். இது நாலாவது வருடம். இதற்கு மேல் தவணை கிடையாது.

நான் பி.ஏ. படித்ததும் இப்படித்தான், தபாலில். பழுப்பு உறையில் பாடம் வரும். “வசந்தா, உன் காலேஜு வந்துகீது, கையெழுத்துப் போடு” என்று தபால்காரர் தெருமுனையிலேயே கத்துவார். இப்போது காலேஜ் செல்போனுக்குள் வந்து, “உங்கள் குரல் கேட்கவில்லை, ஒலிவாங்கியைத் திறக்கவும்” என்கிறது.

இருபத்திரண்டு வருடம் ஒரு வயர் கம்பெனியில் இருந்தேன். வண்டிகளுக்குள் ஓடும் வயர்களைக் கத்தையாகக் கட்டித் தரும் கம்பெனி. சாய்ந்து நிற்கிற பலகையில் வயரை ஓட்டி, முனையைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். ‘டக்’ என்று சத்தம் கேட்டால்தான் சரியாக மாட்டியதாக அர்த்தம். ஒரு ஷிப்டில் ஓர் ஆளுக்கு எண்ணூறு டக். முதல் ஆறு வருடம் நானும் டக் போட்டேன். பி.ஏ. கையில் வந்ததும் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். ஓய்வு பெற்ற அன்று மாலையும் கழுத்துமாக அந்த வரிசை வழியே நடந்தபோதுதான் உறைத்தது. நான் வந்தபோது பலகை எந்த உயரத்தில் இருந்ததோ அதே உயரத்தில்தான் இருந்தது. ஐந்தடிப் பெண்கள் கையைத் தூக்கிக்கொண்டே நின்றார்கள். ஒருத்தியும் மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பது குடைந்துகொண்டே இருந்தது. அதனால்தான் இந்தப் படிப்பு. நான் தாளோடு போய்க் கேட்ட பத்துப் பேரும் அந்த வரிசைக்காரிகள்தான்.

ஞாயிற்றுக்கிழமை கல்பாக்கம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எங்கள் கம்பெனி பஸ்ஸும் இதே சாலையில்தான் ஓடியது. விடியற்காலை சதுரங்கப்பட்டினத்தில் கிளம்பி வரும். திருக்கழுக்குன்றத்தில் நான் ஏறும்போது ஜாக்குலின் எனக்கு ஜன்னலோரம் பிடித்து வைத்திருப்பாள். வரிசையில் நிற்கும்போதுதான் நான் ‘மேடம்’. பஸ்ஸில் எப்போதும் ‘அக்கா’. ஈரத்தலையோடு தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் பேசுகிற பேச்சு முழுக்கச் சாப்பாட்டுப் பேச்சாகவே இருக்கும்.

“நேத்து எங்க வூட்ல கருவாடு.”

“எனக்கு நண்டு. ரெண்டு கையிலயும் நண்டு.”

“செல்லம்மாவப் பாரு, அவளுக்கு முள்ளு மாட்டிகினுகீது, தலையத் திருப்பாம ஒக்காந்துகீறா.”

“ஏண்டி, தெனமும் நண்டு நண்டுன்றீங்க, ஒரு நாளாவது எனக்குக் கொண்டாந்து குடுத்தீங்களா?” என்று கேட்பேன். அதற்கு ஒரு சிரிப்பு சிரிப்பார்கள் பாருங்கள், ஓட்டுநர் மணி அண்ணன் திரும்பிப் பார்ப்பார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இத்தனை வருடம் கழித்தும் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோகும்.

அந்தப் பத்துப் பேரில் ஒருத்தியான ஜாக்குலின், சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குப் பின்பக்கத் தெருவில் இருக்கிறாள். மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்த புடவையோடு வாசலில் நின்றாள்.

“இன்னாக்கா, போன வாரம்தான வந்து கேட்டுகினு போன? பரிச்சையில பெயிலா?”

“பெயிலாக்கிடுவாராம். பத்துப் பேருக்கும் ஒண்ணும் இல்லன்னு எழுதினா எவன் நம்புவான்?”

“நீ கேட்ட, சொன்னோம். எங்க மேல ஏன் பாயற? வெயில்ல வந்துகீற, மொதல்ல சோடா குடி.”

பாட்டிலை எடுத்து வந்தவள் மூடியைத் திருகவில்லை. முழங்கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பல்லால் கடித்துத் திறந்தாள்.

“ஏன்டி பல்லால தொறக்கற? கை வலிக்குதா?”

“சே, வலில்லாம் இல்லக்கா. நண்டு.”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“இன்னா நண்டு?”

“ஒண்ணும் இல்ல, நீ குடி.”

“ஜாக்குலின். இன்னா நண்டு?”

முந்தானையால் பாட்டிலின் வாயைத் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

“கோவிச்சிக்க மாட்டியே? கட்டைவெரல் அடியில நண்டு கவ்வுன மாதிரி கீதில்ல, அதான் நண்டு. கழுத்துல மாட்டிக்கினா முள்ளு. இடுப்பு வெறச்சிக்கினா கருவாடு. காலு மரத்துப் பூட்சின்னா ஐஸு.”

அவள் நீட்டிய சோடாவை வாங்கித் திண்ணையில் வைத்தேன்.

“அப்ப பஸ்ஸுல பேசினது?”

“எல்லாம் அதான்.”

“ரெண்டு கையிலயும் நண்டுன்னு சொன்னது?”

“ஜெயப்பிரியா. அன்னிக்கி அவளால சடையக்கூட பின்ன முடியல.”

“எனக்கு நண்டு தரலையான்னு கேட்டேனே…”

“அத்தாங்க்கா சிரிச்சோம்!” என்று அவள் இப்போதும் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். “ஒன்ன கேலி பண்ணி இல்லக்கா.”

“எங்கிட்ட ஏன் சொல்லல? நானும் அந்தப் பலகையில நின்னவதானே?”

“நின்ன. அப்புறம் ஒன் கையில மஞ்சச் சீட்டு குடுத்துட்டானுங்க.”

மஞ்சள் சீட்டு. யாராவது ‘வலிக்குது’ என்று சொன்னால் சூப்பர்வைசர் அதை எழுதி, ஆளைக் கம்பெனி டாக்டரிடம் அனுப்ப வேண்டும். ஒரே வருடத்தில் மூன்று சீட்டு விழுந்தால் அந்த ஆளின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள்.

“பிரபாவுக்கு மூணாவது சீட்டு எழுதின பாரு,” என்றாள் ஜாக்குலின், “அதுக்கு அடுத்த வாரம் பஸ்ஸுல, நீ ஏறறதுக்கு மின்ன, செல்லம்மாதான் சொன்னா. இனிமே எவளும் வலின்ற வார்த்தைய வாயில எடுக்கக் கூடாதுடி, மேடம் காதுல வுயுந்தா சீட்டுன்னு. அன்னிக்கி வுட்டதுதான். இப்பகூட நீ வந்து, தாள வச்சிகினு, பேனா தொறந்து, ‘வலி இருக்கா’ன்னு கேட்டியா, தானா ‘இல்ல’ன்னு வந்துச்சி.”

பிரபாவுக்கு அந்தச் சீட்டை எழுதியது ஞாபகம் இருக்கிறது. டாக்டர் பார்த்தால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது வசதியாகவும் இருந்தது. மூன்று சீட்டு விதி எனக்குத் தெரியும்.

“பிரபாவக் கேட்டியா?” என்றாள் ஜாக்குலின்.

“பத்து வருஷம் வேலை செஞ்சவங்களத்தான் கேக்கணும்னு நானே வரம்பு போட்டுட்டேன்.”

“அவள அஞ்சாவது வருசமே அனுப்பிட்டியே. எப்டி வருவா ஒன் வரம்புல?”

அவளே போனை எடுத்து எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு என் கையில் கொடுத்தாள். அந்தப் பக்கம் நாதஸ்வரச் சத்தம். பிரபா திருவிடந்தைக் கோயில் வாசலில், கல்யாணம் ஆகவேண்டி வருகிறவர்களுக்கு மாலை கட்டி விற்கிறாளாம். அதுகூட எனக்குத் தெரியாது.

“பிரபா, நான் வசந்தா பேசறேன். கம்பெனியில…”

“மேடமா?” நாதஸ்வரத்துக்கு மேலே குரலை உயர்த்தினாள். “இன்னா மேடம், நாலாவது சீட்டா?”

ஜாக்குலின் வேறு பக்கம் பார்த்தாள்.

“இல்லம்மா. நான் ஒரு படிப்பு படிக்கறேன். உன் கையப் பத்திக் கேக்கணும். நீ சொல்லலேன்னாலும் பரவால்ல.”

“கையா? வலிதான் மேடம். அங்க வயரு, இங்க நாரு. காலைல எய்ந்தா வெரல இன்னொரு கையால பிரிச்சி வுடணும்.”

பதினோரு பேரில் அவள் ஒருத்திதான் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

“நான் எழுதிக்கலாமா?”

“எய்திக்க. எனக்கு இன்னா பயம்? மூணு சீட்டையும்தான் நீ எய்திட்டியே.”

“பிரபா, அந்த மூணாவது சீட்டு… நான் எழுதியிருக்கக் கூடாது.”

“அத்த இப்ப வந்து சொல்ற” என்றாள். பிறகு யாரிடமோ, “ரெண்டு மாலையா, ஒண்ணா?” என்று கேட்டாள். “கஸ்டமர் வந்துகீறாங்க மேடம். ஒரு நாளு கோயிலுக்கு வா. நேர்ல திட்டறேன்.”

அந்த வாரம் முழுக்க நானும் ஜாக்குலினும் அலைந்தோம். இந்தத் தடவை தாளும் பேனாவும் அவள் கையில். நான் வாசலோடு நின்றுகொண்டேன். உள்ளேயிருந்து, “நண்டு கீதா? எந்தக் கையி? முள்ளு?” என்று அவள் கேட்பதும், “ஐயோ, அந்தக் கதய ஏன் கேக்கற” என்று பதில் வருவதும் கேட்டது. பஸ்ஸில் கேட்ட அதே குரல்கள். கடைசி வீட்டில் இருந்து வெளியே வந்தவள் ஒரு வெற்றுத் தாளை என் முன்னால் நீட்டினாள்.

“ஆறு வருசம் டக் போட்டவதான நீயும்? ஒனக்கு?”

“எனக்கு இல்ல” என்றேன். வாய் தானாகச் சொன்னது.

அவள் என் வலது கட்டைவிரலின் அடியைப் பிடித்து லேசாக அழுத்தினாள்.

“ஆ!”

“நண்டு” என்று எழுதி, சிவப்பில் வட்டம் போட்டாள்.

சனிக்கிழமை ரஞ்சித்குமார் சார் அட்டவணையை வாசித்தார். “நண்டு ஒன்பது பேர், கருவாடு ஏழு பேர்… என்னம்மா இது, மெஸ் கணக்கா?”

விளக்கம் அடுத்த பக்கத்தில் இருந்தது. அவர் விரலை ஓட்டி வரி வரியாகப் படித்தார். ‘முதல் முறை கேள்வி கேட்டவர், இவர்களுக்கு முன்பு மஞ்சள் சீட்டு எழுதியவர். ஆகவே பதில்கள் இல்லை என்று வந்தன. வேலையை விட்டு அனுப்பப்பட்டவர் ஆய்வின் வரம்புக்கு வெளியே விடப்பட்டிருந்தார். அவரை அனுப்பியதில் கேள்வி கேட்டவருக்கும் பங்கு உண்டு.’

“இந்தக் கடைசி வரி தேவையில்லம்மா. எடுத்துட்டாக்கூட மார்க் குறையாது.”

“இருக்கட்டும் சார்.”

அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார். நான் பயந்தேன். ஓரத்தில் கையெழுத்துப் போட்டு, ‘ஏற்கப்பட்டது’ என்று எழுதினார்.

வெளியே வந்து பஸ் நிலையத்தில் நின்று ஜாக்குலினைக் கூப்பிட்டேன்.

“பாஸாக்கா?”

“பாஸு.”

“அப்ப நாளைக்கி நேரா இங்க வந்துடு. பிரபாவையும் வரச் சொல்லிகீறேன். ஒன்னத் திட்டணுமாம். நண்டு கீது.”

“எந்த நண்டு?”

“கொழம்புல போடற நண்டுக்கா!” என்று அவள் சிரித்தாள்.